சீட்டு கட்டினவங்க சீட்டு ஜெயிச்ச கதை

போன இதழ்ல லண்டன்ல நடக்கற நாட்டிங் ஹில் கார்னிவல்ங்கற கரீபியன் தெருத் திருவிழா பத்தி ரெண்டே ரெண்டு பாரா எழுதியிருந்தேன், அதுல பிரிட்டன்ல இருக்கற கருப்பின மக்கள் ஒண்ணா சேந்து என்னவெல்லாம் சாதிச்சாங்கன்னு ஒரு வரி வந்துச்சு. அந்த ஒரு வரிய புடிச்சுக்கிட்டு இவ்ளோ பேர் கேள்வி அனுப்புவீங்கன்னு நெனைக்கல. நான் ஒன்பது வருஷம் தெற்கு லண்டன்ல லூயிஷம் பக்கம் குடியிருந்தவ, எங்க தெருவுல பாதி வீடு ஜமைக்காவும் நைஜீரியாவும்தான், அதனால இந்த முறை முழுப் பகுதியும் இதுக்கே.

அக்கா, அமெரிக்காவுல ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் இருக்கறது தெரியும். பிரிட்டன்ல எப்படி இவ்ளோ பேர்? அங்கயும் அடிமையா கப்பல்ல கொண்டு போனாங்களா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

சுத்தி வந்த வழி தங்கச்சி அது. பிரிட்டிஷ்காரங்க ஆப்பிரிக்காவுல இருந்து புடிச்சு கொண்டு போனது பெரும்பாலும் கரீபியன் தீவுகளுக்கு, ஜமைக்கா பார்படாஸ் மாதிரி இடங்கள்ல கரும்புத் தோட்டத்துல வேலை வாங்க. 1834 ஆகஸ்ட் 1ல அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் அமலுக்கு வந்தப்ப அரசாங்கம் 2 கோடி பவுண்ட் நஷ்டஈடு குடுத்துச்சு, யாருக்குன்னு கேட்டா அடிமைகளை வச்சிருந்த முதலாளிகளுக்கு, உழைச்சவங்களுக்கு ஒரு பைசா கிடையாது. அதுக்காக வாங்கின கடனை பிரிட்டன் கட்டி முடிச்சதே 2015ல தான், அப்டின்னா லண்டன்ல நர்ஸா டிரைவரா வேலை பாத்து வரி கட்டின கரீபியன் மக்களும் தன்னோட பாட்டன் பூட்டனை விலைக்கு வாங்கினவனுக்குக் குடுத்த காசை சேத்து கட்டியிருக்காங்க. இதை முதல்ல படிச்சப்ப எனக்கு ராத்திரி தூக்கம் வரல. அடிமைகள் விடுதலை ஆனப்புறம் அதே தோட்டங்களுக்கு 1838ல இருந்து இந்தியாவுல இருந்து கூலிக்கு ஆள் புடிச்சாங்க, அதுல மெட்ராஸ்ல கப்பல் ஏறின நம்ம ஆளுங்களும் உண்டு.

ரெண்டாம் உலகப்போர்ல கரீபியன் பசங்க ஆயிரக்கணக்குல பிரிட்டனுக்காக சண்டைக்குப் போனாங்க. போர் முடிஞ்சு பிரிட்டன்ல வேலைக்கு ஆள் இல்ல, கரீபியன்ல ஆளுக்கு வேலை இல்ல. 1948 ஜூன் 22ல எம்பயர் விண்ட்ரஷ்னு ஒரு கப்பல் டில்பரி துறைமுகத்துல ஆளுங்கள இறக்குச்சு, அதுல மட்டும் கரீபியன்ல இருந்து வந்தவங்க 800 பேருக்கு மேல. அந்தத் தலைமுறைக்கே விண்ட்ரஷ் தலைமுறைன்னு பேரு. அதுல வந்த சாம் கிங்னு ஒருத்தர், போர்ல விமானப்படையில வேலை பாத்தவர், அவர் டிக்கெட்டுக்காக வீட்ல மூணு மாட்டை வித்தாங்க. அவரு அப்புறம் தபால் ஆபீஸ்ல வேலை பாத்து 1983ல சதர்க் பகுதியோட முதல் கருப்பின மேயர் ஆனார். 1956ல இருந்து லண்டன் டிரான்ஸ்போர்ட்டே பார்படாஸுக்குப் போய் ஆள் எடுத்துச்சு. அவங்கெல்லாம் பிரிட்டிஷ் குடியுரிமையோட, சட்டப்படி சொந்த நாட்டுக்குள்ள வர்ற மாதிரி வந்தவங்க, இதை மனசுல வச்சுக்கோங்க, கீழ ஒரு கேள்விக்கு இது வேணும்.

நான் 31 வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். கருப்பா இருக்கறவங்களுக்கு கண்டக்டர் வேலை குடுக்காம இருந்தாங்கன்னு என் பேத்தி சொல்றா. நிஜமாம்மா?
(கரூர்)

நிஜம்தான்யா, உங்ககிட்ட சொல்றதுக்கு இதைவிட நல்ல கதை என்கிட்ட கிடையாது. ஊர் பிரிஸ்டல். அங்க பஸ் கம்பெனி வொர்க்‌ஷாப்லயும் கேன்டீன்லயும் கருப்பினத்தவங்கள வச்சுக்கும், ஆனா டிரைவர் கண்டக்டரா பஸ்ல ஏத்தாது. இதுல ரொம்ப வலிக்கற விஷயம், கம்பெனி மட்டும் இல்ல யூனியனும் கூட்டு. டிரான்ஸ்போர்ட் தொழிலாளர் யூனியனோட உள்ளூர் கிளை 1955லயே கருப்பினத்தவங்கள பஸ்ல சேக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருந்துச்சு. உழைக்கறவனுக்காக இருக்கற சங்கம் உழைக்க வர்றவனை வாசல்ல நிறுத்துச்சு.

ராய் ஹாக்கெட், ஓவன் ஹென்றி, ஆட்லி எவன்ஸ், பிரின்ஸ் பிரவுன்னு நாலு ஜமைக்காக்காரங்க சேந்து ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, அவங்களுக்குப் பேச்சாளரா வந்தவர் பால் ஸ்டீஃபன்சன், அப்பா மேற்கு ஆப்பிரிக்கா, அம்மா பிரிட்டிஷ், அப்ப அவருக்கு 25, 26 வயசு இருக்கும். வேலை இல்லைன்னு கம்பெனி சொல்றது பொய்னு நிரூபிக்கணும் இல்லயா, அதுக்கு கை பெய்லின்னு ஒரு 18 வயசுப் பையன புடிச்சாங்க, வேலைக்குப் போய்க்கிட்டே ராத்திரி படிக்கற ஒழுங்கான பையன். ஸ்டீஃபன்சன் முதல்ல போன் போட்டு வேலை காலியா இருக்கான்னு கேட்டார், இருக்கு அனுப்புங்கன்னாங்க, பையன் போய் நின்னதும் எல்லா இடமும் நிரம்பிடுச்சுன்னுட்டாங்க. அவ்ளோதான், 1963 ஏப்ரல் 29ல அறிவிச்சாங்க, இனிமே நம்ம ஆளுங்க யாரும் இந்த பஸ்ல ஏற மாட்டோம். அமெரிக்காவுல மான்ட்கோமரியில 1955ல ரோசா பார்க்ஸ்னு ஒரு கருப்பினப் பொண்ணு பஸ்ல சீட்டை விட்டுக் குடுக்காம கைதானப்புறம் நடந்த பஸ் புறக்கணிப்புதான் இவங்களுக்கு முன்மாதிரி.

காலேஜ் பசங்க ஊர்வலம் போனாங்க, லேபர் கட்சித் தலைவர்கள் டோனி பென்னும் ஹரால்ட் வில்சனும் ஆதரவா பேசினாங்க. லியரி கான்ஸ்டன்டைன் குரல் குடுத்தார், பழைய வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர், அப்ப டிரினிடாட் நாட்டோட ஹை கமிஷனர், அவருக்கே 1943ல லண்டன் ஓட்டல் ஒண்ணு ரூம் தர முடியாதுன்னு சொல்லி அவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்ச ஆளு. நாலு மாசம் இழுத்துச்சு. ஆகஸ்ட் 28ல கம்பெனி இறங்கி வந்துச்சு, அதே நாள்தான் வாஷிங்டன்ல மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பத்தி பேசின நாள்.

செப்டம்பர் 17ல பிரிஸ்டல் பஸ்ல ஏறின முதல் வெள்ளையர் அல்லாத கண்டக்டர் ரக்பீர் சிங், ஒரு சீக்கியர். போராடினது ஜமைக்காக்காரங்க, முதல் பையை தோள்ல மாட்டினது பஞ்சாப்காரர், அதுக்கப்புறம் ரெண்டு ஜமைக்காக்காரங்களும் ரெண்டு பாகிஸ்தான்காரங்களும் சேந்தாங்க. 1965லயும் 1968லயும் பிரிட்டன் இனப்பாகுபாட்டுக்கு எதிரா சட்டம் போட்டதுக்கு இந்தப் போராட்டம் ஒரு முக்கியமான காரணம், வேலை வீடு ரெண்டையும் சேத்தது 1968 சட்டம்தான். இன்னொண்ணு கேளுங்கய்யா. அதே டிரான்ஸ்போர்ட் யூனியனுக்கு, பிரிஸ்டல்ல தீர்மானம் போட்டுச்சே அதே யூனியனுக்கு, 1992ல பொதுச்செயலாளரா வந்து உக்காந்தவர் பில் மாரிஸ், ஜமைக்காவுல பொறந்து டீன் ஏஜ்ல பிரிட்டன் வந்தவர், பிரிட்டன்ல ஒரு பெரிய யூனியனுக்குத் தலைமை தாங்கின முதல் கருப்பினத்தவர். அந்த யூனியனோட வாரிசு அமைப்பு 2013ல பிரிஸ்டல் விஷயத்துக்கு மன்னிப்பு கேட்டுச்சு. 58 வருஷம் ஆச்சு ஒரு மன்னிப்புக்கு.

நான் வீட்ல இருந்தே சின்னதா சீட்டு நடத்தறேன். வெளிநாட்டுல இதெல்லாம் இருக்கா, இல்ல நம்ம ஊர் பழக்கம் மட்டும்தானா?
(சேலம்)

அம்மா உங்க கேள்விய படிச்சதும் சிரிச்சுட்டேன், சந்தோஷத்துல. எங்க பக்கத்து வீட்ல ஒரு ஜமைக்கா அம்மா இருந்தாங்க, ரிட்டயர்டு நர்ஸ், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா அவங்க வீட்டுக்கு ஆள் வந்துக்கிட்டே இருக்கும், ஒவ்வொருத்தரும் கவர் குடுப்பாங்க, அவங்க ஒரு நோட்ல எழுதிக்குவாங்க. நான் முதல்ல ஏதோ சர்ச் காணிக்கைன்னு நெனச்சேன். கேட்டா "பார்ட்னர்"ன்னாங்க. ஜமைக்காவுல அதுக்குப் பேரு பார்ட்னர், டிரினிடாட்ல சுசு, கயானாவுல பாக்ஸ் ஹேண்ட். சுசுங்கற பேரே மேற்கு ஆப்பிரிக்காவுல யோருபா மக்கள் நடத்தற எசுசுவுல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க, அடிமைக் கப்பல்ல எல்லாத்தையும் புடுங்கினாங்க, பேரையும் பாஷையையும் கூட புடுங்கினாங்க, ஆனா இந்த சீட்டு மனசுக்குள்ள இருந்ததால புடுங்க முடியல.

நம்ம ஏலச்சீட்டு மாதிரி தள்ளுபடி கெடையாது, கிட்டத்தட்ட குலுக்கல் சீட்டு. எல்லாரும் வாரா வாரம் ஒரே தொகை போடுவாங்க, அதுக்கு "ஹேண்ட்"னு பேரு, முறை வந்தா மொத்தமா எடுக்கறதுக்கு "டிரா". நடத்தறவங்கள பேங்கர்னு கூப்புடுவாங்க. ஆனா குலுக்கிப் போடறது இல்ல, யாருக்கு முதல்ல டிராங்கறதை பேங்கர் அம்மாவே முடிவு பண்ணுவாங்க, யார் வீட்ல சாவு யார் வீட்ல பிரசவம்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

இது ஏன் பெரிய விஷயம்னா, 1950கள் 60கள்ல அவங்களுக்கு வீடு வாடகைக்குக் கிடைக்காது, கிடைச்சாலும் ஒரே ரூம்ல ஒரு குடும்பமே, வாடகை ரெண்டு மடங்கு. வீடு வாங்கலாம்னா கடன் குடுக்கறவங்க கதவைத் திறக்க மாட்டாங்க. அப்ப அட்வான்ஸ் காசு எங்கிருந்து வந்துச்சு? இந்த பார்ட்னர்ல இருந்துதான். பிரிக்ஸ்டன்லயும் நாட்டிங் ஹில்லயும் எத்தனையோ குடும்பம் டிரா எடுத்து முன்பணம் கட்டி வீடு வாங்கி, அந்த வீட்ல அடுத்து கப்பல்ல வந்தவனுக்கு ரூம் குடுத்து, அவன் அதே சீட்டுல சேந்து அவனும் வீடு வாங்கி... சங்கிலி மாதிரி போச்சு. அந்த வீடுகள்ல வளந்த பசங்கதான் அப்புறம் கவுன்சிலர் ஆனாங்க, வக்கீல் ஆனாங்க. எம்பவர்மெண்ட்னு எல்லாரும் பேசறாங்க, எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டா ஞாபகத்துக்கு வர்றது அந்த அம்மாவோட கோடு போட்ட நோட்டுதான். நீங்க பண்றதை சின்னதான்னு எழுதாதீங்கம்மா.

கருப்பர், நீக்ரோ, ஆப்பிரிக்கர்... எப்படிச் சொல்றது சரி?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

நீக்ரோங்கறதை விட்ருங்க, நம்ம பத்திரிகைகள்ல ரொம்ப வருஷம் எழுதினோம், இனிமே வேண்டாம். கருப்பினத்தவர், ஆப்பிரிக்க வம்சாவளியினர் ரெண்டும் சரி. தெரிஞ்சா ஊரைச் சொல்லுங்க, ஜமைக்காக்காரர், கானாக்காரர்னு. நம்மள எல்லாரும் சேத்து மதராசின்னு கூப்பிட்டா நமக்கு எப்படி இருந்துச்சு.

டீச்சரா இருக்கேன். அவங்க பிள்ளைங்க படிப்புல எப்படி முன்னுக்கு வந்தாங்க? அரசாங்கம் ஏதாவது தனி ஏற்பாடு பண்ணுச்சா?
(தருமபுரி)

அரசாங்கம் பண்ணின ஏற்பாடு ஒண்ணு இருந்துச்சு டீச்சர், அது வேற மாதிரி. படிப்புல பின்தங்கின பிள்ளைங்கன்னு முத்திரை குத்தி தனி ஸ்கூலுக்கு அனுப்பறது, அங்க போனா பரீட்சையும் இல்ல எதிர்காலமும் இல்ல. அந்த ஸ்கூல்கள்ல கரீபியன் பிள்ளைங்க அளவுக்கு அதிகமா இருந்தாங்க. கிரெனடாவுல இருந்து வந்த பெர்னார்ட் கோர்டுன்னு ஒரு டீச்சர் அங்க வேலை பாத்துட்டு 1971ல ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், பிள்ளைங்க மந்தம் இல்ல, ஸ்கூல்தான் இவங்கள மந்தமாக்குதுன்னு. டெஸ்ட்டே இங்கிலாந்து வீட்டுப் பிள்ளைக்காக செஞ்சது. கரீபியன்ல தண்ணிக் குழாய்க்கு பைப்புன்னு பேரு, நம்ம ஊர்ல சொல்ற மாதிரியே, அப்படிச் சொல்லி வளந்த குழந்தைகிட்ட படத்தைக் காட்டி பேர் கேட்டா அது பைப்புன்னுதான் சொல்லும், டெஸ்ட் வைக்கறவருக்கு வேண்டியது வேற வார்த்தை, மார்க் போச்சு. உங்க கிளாஸ்ல வேற வட்டாரத்துல இருந்து வந்த பிள்ளை உக்காந்திருந்தா உங்களுக்கு இது உடனே புரியும்.

அந்தப் புத்தகத்தைப் போட்டது நியூ பீக்கன்னு ஒரு பதிப்பகம், டிரினிடாட்காரர் ஜான் லா ரோஸும் சாரா ஒயிட்டும் 1966ல ஆரம்பிச்சது. லா ரோஸ் 1969லயே பிள்ளைங்களுக்கு தனியா ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சிருந்தார், சாதாரண ஸ்கூலுக்கு மேல கூடுதலா. கோர்டு புத்தகம் வந்தப்புறம் சனிக்கிழமை ஸ்கூல்கள் ஊருக்கு ஊர் முளைச்சுச்சு, சர்ச் ஹால்ல, யாரோ வீட்டு முன்ரூம்ல, நர்ஸும் பஸ் டிரைவரும் வாரம் பூரா வேலை பாத்துட்டு சனிக்கிழமை கணக்கும் சரித்திரமும் சொல்லிக் குடுத்தாங்க. லண்டன்ல நம்ம ஆளுங்க சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தறாங்களே, அங்க பிள்ளைய விட்டுட்டு வெளிய நிக்கறப்ப எனக்கு இந்த முன்ரூம் ஸ்கூல்கள்தான் ஞாபகம் வரும்.

எல்லாமே ஆம்பளைங்க பேரா வருதே அக்கா. பொம்பளைங்க?
(விழுப்புரம்)

சரியான குட்டு. கிளாடியா ஜோன்ஸ். டிரினிடாட்ல 1915ல பொறந்து, எட்டு ஒன்பது வயசுல நியூயார்க் போய், அங்க கம்யூனிஸ்ட்டா இருந்ததுக்கு ஜெயில்ல போட்டு 1955 டிசம்பர்ல நாடு கடத்தினாங்க, வந்து எறங்கினது லண்டன். உடம்புக்கு ரொம்ப முடியாதவங்க, இதயக் கோளாறு. 1958ல பிரிக்ஸ்டன்ல ஒரு கடைக்கு மேல சின்ன ரூம்ல வெஸ்ட் இண்டியன் கெசட்னு பத்திரிகை ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் ஆகஸ்ட் கடைசில நாட்டிங் ஹில்ல வெள்ளைக்காரப் பசங்க கும்பலா வந்து கரீபியன் மக்களை அடிச்சாங்க, வீடுகள்ல கல்லெறிஞ்சாங்க, பல நாள் நடந்துச்சு. எல்லாரும் பயந்து போய் கிடக்கறப்ப இவங்க யோசிச்சது ஒரு திருவிழா. 1959 ஜனவரி 30, லண்டன் குளிர், செயின்ட் பான்க்ரஸ் டவுன் ஹாலுக்குள்ள கரீபியன் கார்னிவல். பிபிசி ஒளிபரப்புச்சு. அந்த விழா மலர் வித்த காசுல ஒரு பகுதி கலவரத்துல அபராதம் போட்ட பசங்களுக்கு, கருப்பு வெள்ளை ரெண்டு பேருக்கும்னு மலர்லயே போட்டிருந்தாங்க. அடிச்சவன் தரப்புப் பையனுக்கும் சேத்து. எனக்கு இந்த மனசு எப்படி வந்துச்சுன்னு இன்னும் புரியல. நாட்டிங் ஹில் தெருவுல கார்னிவல் நடக்க ஆரம்பிச்சது 1966ல, அதை ஆரம்பிச்சதும் ஒரு பொம்பள, ரோன் லாஸ்லெட்னு அந்தப் பகுதி சமூக சேவகி.

ஒலிவ் மாரிஸ்னு இன்னொருத்தங்களையும் சொல்லணும், ஜமைக்காவுல பொறந்து பிரிக்ஸ்டன்ல வளந்தவங்க, கருப்பினப் பெண்கள் சங்கம் கட்டினவங்க, 1978ல ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளிப் பெண்கள் ரெண்டு தரப்பையும் ஒரே அமைப்புல சேத்ததுல இவங்களுக்குப் பங்கு உண்டு, அடுத்த வருஷமே 27 வயசுல கேன்சர்ல போயிட்டாங்க.

கிரிக்கெட் இல்லாம வெஸ்ட் இண்டீஸ் பத்தி பேசினா எப்படி?
(மதுரை)

அது எப்படி பேசுவேன். 1976ல இங்கிலாந்து கேப்டன் டோனி கிரெய்க், தென்னாப்பிரிக்காவுல பொறந்தவர், வெஸ்ட் இண்டீஸை மண்டியிட்டு கெஞ்ச வைப்பேன்னு டிவில சொன்னார். தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சி நடக்கற காலம் அது, அந்த வாயில இருந்து அந்த வார்த்தை. ஓவல் மைதானம் பிரிக்ஸ்டனுக்குப் பக்கத்துல, கேலரி பூரா பஸ் டிரைவருங்க, நர்சுங்க, தகர டப்பா தட்டிக்கிட்டு. ரிச்சர்ட்ஸ் 291. காஞ்சு போன மட்டப் பிட்ச்ல ஹோல்டிங் 14 விக்கெட். தொடர் 3க்கு 0. கடைசில கிரெய்க்கே கேலரி முன்னாடி கைய ஊனி தவழ்ந்து காட்டினார், ஜனங்க சிரிச்சு மன்னிச்சாங்க. திங்கக்கிழமை வேலைக்குப் போறப்ப அவங்க தலை எப்படி நிமிந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

ஆனா அப்புறம் மைதானத்துக்குள்ள டிரம் கொண்டு வராதன்னாங்க, டிக்கெட் விலை ஏறுச்சு, அரசாங்கப் பள்ளிகள்ல கிரிக்கெட் கொறைஞ்சுச்சு, அந்தக் கேலரியும் காலி ஆச்சு கவுண்டி டீம்கள்ல கருப்பின வீரர்களும் கொறைஞ்சாங்க. 2020ல சர்ரே கிளப் மூலமா ஏஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு தெருத்தெருவா பிள்ளைங்கள தேடறாங்க, அதுக்குப் பின்னாடி இருக்கறவங்க எபோனி ரெயின்ஃபோர்ட் பிரென்ட், இங்கிலாந்து பெண்கள் அணிக்கு ஆடின முதல் கருப்பினப் பொண்ணு.

பார்லிமென்ட்ல நாலு பேர், சினிமாவுல நாலு பேர் வந்துட்டா போதுமா? ஏழை வீட்டுக்கு அதுல என்ன லாபம்? ரெப்ரெசென்டேஷன்னு சொல்றதே வெறும் போட்டோவுக்குத்தான்னு தோணுது.
(ஐடி ஊழியர், சென்னை)

தம்பி, உங்க சந்தேகம் நியாயம், போட்டோவுக்கு மட்டும் நிக்கறவங்களும் இருக்காங்க. ஆனா நீங்க சொன்ன அதே நாலு பேரை எடுத்துக்குவோம். 1987 ஜூன் தேர்தல்ல ஒரே நேரத்துல நாலு பேர் உள்ள போனாங்க, டயேன் அபாட், பெர்னி கிரான்ட், பால் போட்டெங், அப்புறம் கோவா வம்சாவளி கீத் வாஸ். அவங்க தானா போகல. லேபர் கட்சிக்குள்ள 1983ல இருந்து கருப்பினத் தொண்டர்கள் தனி அணி வேணும்னு சண்டை போட்டாங்க, தலைமை முடியாதுன்னுச்சு, ஆனா அந்தச் சண்டை போட்ட சத்தத்துலதான் டிக்கெட் கிடைச்சுச்சு. பெர்னி கிரான்ட் பார்லிமென்ட் தொடக்க விழாவுக்கு மேற்கு ஆப்பிரிக்க அங்கி போட்டுக்கிட்டு போனார், இதுவும் போட்டோதான், ஆனா அவர் தொகுதி டாட்டன்ஹாம்ல அதைப் பாத்த ஒரு பிள்ளைக்கு அந்தக் கட்டடத்துக்குள்ள போறதுக்கு தன் தோலை வெளிய கழட்டி வைக்க வேண்டாம்னு தெரிஞ்சிருக்கும் இல்லயா.

லாபம் என்னன்னு கேட்டீங்க. முதல் பதில்ல மனசுல வச்சுக்கோங்கன்னு சொன்னேனே, சட்டப்படி குடிமக்களா வந்தவங்கன்னு. அப்பா அம்மா கூட சின்னப் பிள்ளையா வந்து அம்பது வருஷம் வேலை பாத்து வரி கட்டினவங்ககிட்ட, 2012க்கப்புறம் வந்த கெடுபிடி சட்டங்களால நீ இந்த நாட்டு ஆள்தானா, பேப்பர் காட்டுன்னாங்க. அவங்க வந்தப்ப பதிஞ்ச வருகை அட்டைகளை உள்துறை அமைச்சகமே 2010ல அழிச்சிருந்துச்சு. வேலை போச்சு, ஆஸ்பத்திரில சிகிச்சை மறுத்தாங்க, சிலரை அடைச்சு வச்சாங்க, நாடு கடத்தினாங்க. 2018 ஏப்ரல் 16ல பார்லிமென்ட்ல எந்திரிச்சு இது தேசிய அவமான நாள்னு அமைச்சர் முகத்துக்கு நேரா கேட்டவர் டேவிட் லாமி, கயானாவுல இருந்து வந்த பெற்றோரோட பையன், பெர்னி கிரான்ட் இறந்தப்புறம் அதே டாட்டன்ஹாம்ல 2000ல ஜெயிச்சவர். பத்திரிகைக்காரங்களும் வக்கீல்களும் பாதிக்கப்பட்டவங்களும் வெளிய போட்ட சத்தம், அவர் உள்ள போட்ட சத்தம், ரெண்டும் சேந்து அந்த மாசக் கடைசில உள்துறை அமைச்சர் ராஜினாமா. உள்ள ஆள் இல்லைன்னா அந்தச் சத்தம் கதவுலயே நின்னிருக்கும்.

ஆனா உங்க பக்கமும் ஒண்ணு சொல்றேன். உள்ள போறவங்க விலை குடுக்கறாங்க, 2017 தேர்தல் சமயத்துல பெண் எம்பிக்களுக்கு ட்விட்டர்ல வந்த வசவுல கிட்டத்தட்ட பாதி டயேன் அபாட் ஒருத்தருக்கே போச்சுன்னு ஆம்னஸ்டிங்கற மனித உரிமை அமைப்பு கணக்கெடுத்துச்சு. நஷ்டஈடு வராமலே விண்ட்ரஷ் பாதிப்பாளர்கள் பலர் செத்தும் போயிட்டாங்க. சீட் மட்டும் இருந்து கீழ சங்கமும் சனிக்கிழமை ஸ்கூலும் இல்லைன்னா அந்த சீட் காத்துல நிக்கும், இதுதான் நான் ஒன்பது வருஷம் பாத்துப் புரிஞ்சுக்கிட்டது. 2024 தேர்தல்ல சிறுபான்மை இனத்துல இருந்து 90 பேர் போனாங்க, அதுல ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில ஜெயிச்ச உமா குமரனும் ஒருத்தர், ஈழத்தமிழ்ப் பெற்றோரோட பொண்ணு. 1987ல அந்த நாலு பேருக்காக வீடு வீடா நோட்டீஸ் குடுத்தவங்க உழைப்பு இதுலயும் இருக்கு.

இவங்க போராட்டத்துல தமிழர் யாராவது இருந்தாங்களா?
(யாழ்ப்பாணம்)

உங்க ஊர்க்காரரே இருந்தார் அண்ணா, அம்பலவாணர் சிவானந்தன். கொழும்புல பேங்க் மேனேஜரா இருந்தவர், 1958 கலவரத்துல தமிழர்கள அடிச்சதைப் பாத்துட்டு இனி இங்க இருக்க முடியாதுன்னு லண்டன் போனா, அங்க அதே நேரம் நாட்டிங் ஹில் கலவரம். ஒரு தீயில இருந்து தப்பிச்சு இன்னொரு தீக்குள்ள. மேனேஜரா இருந்தவர் நூலகத்துல டீ போட்டுக் குடுக்கற வேலையில ஆரம்பிச்சு, இனஉறவு ஆய்வு நிறுவனம்னு ஒரு இடத்துல நூலகர் ஆனார். மேல உக்காந்திருந்த பணக்கார நிர்வாகிகள் கருப்பின மக்களை ஆராய்ச்சிப் பொருளாப் பாக்கறாங்கன்னு ஊழியர்கள் எல்லாம் சேந்து எதிர்த்து 1972ல நிர்வாகத்தையே மாத்தினாங்க, அதுக்கு முன்னாடி நின்னவர் இவர், அப்புறம் பல வருஷம் அவர்தான் இயக்குனர். நாங்க இங்க இருக்கோம்னா நீங்க அங்க வந்ததாலதான்னு பிரிட்டன்காரங்ககிட்ட சொன்னது இவர் வாக்கு, இன்னிக்கும் ஊர்வலங்கள்ல அட்டையில எழுதிப் புடிக்கறாங்க. கருப்புங்கறது தோல் நிறம் இல்ல, ஒரு அரசியல் நிறம்னு சொன்னார், ஆப்பிரிக்கர் கரீபியர் ஆசியர் மூணு பேரும் அந்த ஒரே பேருக்குள்ள நின்னு போராடின காலம் ஒண்ணு இருந்துச்சு. 2018 ஜனவரியில இறந்தார். நம்ம பக்கம் அவரைத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி, எனக்கு அது தாங்க முடியாத வருத்தம்.

பையன் லண்டன்ல படிக்கிறான். அடுத்த மாசம் நாங்க போறோம். நீங்க சொல்ற இடம் ஏதாவது பாக்க முடியுமா?
(கோயம்புத்தூர்)

பிரிக்ஸ்டன்ல விண்ட்ரஷ் ஸ்கொயர்னு இருக்கு, அங்கயே பிளாக் கல்ச்சுரல் ஆர்கைவ்ஸ், உள்ள போய் பாருங்க. பார்லிமென்டுக்கு எதிர்க்கரையில செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி வாசல்ல மேரி சீக்கோல் சிலை நிக்குது, கிரிமியா போர்ல சிப்பாய்களைப் பாத்துக்கிட்ட ஜமைக்கா அம்மா, 2016ல வச்சது. அப்புறம் ஹைகேட் கல்லறை, கிழக்குப் பக்கம், டிக்கெட் வாங்கித்தான் போகணும். எல்லாரும் கார்ல் மார்க்ஸ் தலைச்சிலை கூட போட்டோ எடுத்துட்டு திரும்பிடுவாங்க. அதுக்கு இடது பக்கம் கீழ பாருங்க, கிளாடியா ஜோன்ஸ் அங்கதான் இருக்காங்க, 1964 டிசம்பர்ல 49 வயசுல போனவங்க, கல் வைக்கறதுக்கே இருபது வருஷம் ஆச்சு. போறப்ப ஸ்டேஷன் பக்கம் கடையிலயே பூ வாங்கிக்கோங்க, உள்ள கிடைக்காது.